பன்னிரண்டாம் இலக்கச் சாலை

கிறீன் ரிவர், யூட்டா
24 செப்டெம்பர் 2024

அக்னெஸ்,

போன் அடித்தால் நீர் எடுக்கமாட்டீர். எடுத்தாலும் இரண்டு பேரும் கத்தத்தான் போகிறோம். அதனால் மோட்டல் அறையில் இருந்து மெயில் எழுதுகிறேன். வாசிப்பதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

நான் வந்து சேர்ந்துவிட்டேன். மொன்றியலில் லாசாலில் இருந்து இந்த ஊர்வரை நானே கார் ஓடி வந்தேன். நீர் இருக்கவேண்டிய ஆசனத்தில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன். உம்மைவிட அவை நல்ல துணை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் மாறவில்லை.

விமானச் சாப்பாடு கட்டும் கிச்சினில் எத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நீர் பாணும் வெண்ணெயும் வைக்க, நான் மூடி போடுவேன். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. சிவந்த மலைகளுக்கு நடுவே ஒரு கறுத்த றோட்டு. அந்த மாதம் முடிந்த பிறகும் ஒருவரும் தாளைக் கிழிக்கவில்லை. அது கீறின படம் என்றேன். இல்லை, உண்மையான றோட்டு, யூட்டாவில் பன்னிரண்டாம் இலக்கம் என்று சுப்பர்வைசர் சொன்னா. பென்சன் எடுத்தவுடன் போவோம், ஆளுக்குப் பாதி ஓடுவோம் என்று சொன்னது நீர்தான், அக்னெஸ்.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது உம்முடைய குசினியில் வைத்து நீர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நான் வரேல்லை. பேரப்பிள்ளையளை ஆர் பாக்கிறது? உமக்கென்ன, உமக்கு ஒருத்தரும் இல்லைத்தானே."

என் மனுஷன் ஞானேந்திரன் போய்ப் பதினெட்டு வருஷம். எனக்குப் பிள்ளையும் இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயமா? அதை உம்முடைய வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அதையும் விடலாம். புறப்பட்ட காலையில் மனம் கேட்காமல் உம்முடைய வீட்டுப் பக்கமாக வந்தேன். நீர் பல்கனியில் நின்றீர். நேராக என்னைப் பார்த்தீர். நான் காரில் இருந்து கை காட்டினேன். நீர் கையைத் தூக்கவேயில்லை.

இன்று கொலராடோவைக் கடந்து இறங்கியபோது மரங்கள் முடிந்துவிட்டன. வீடும் இல்லை, வேலியும் இல்லை. வானத்தின் அடிவரைக்கும் வெறும் நிலம். நான் காரின் வேகத்தைக் குறைத்துவிட்டேன். சத்தமாக ஓடக்கூடாத இடம்போல இருந்தது.

கிறேஸ்


லாசால்
26 செப்டெம்பர்

கிறேசுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. விரல் நோகிறதால் நான் வாயால் சொல்ல போன் எழுதுகிறது. பிழை இருந்தால் அது போனின் பிழை.

சுகமாகப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். எண்ணெயைப் பாரும், ரயர்க் காற்றைப் பாரும். இங்கே மழை. சின்னப் பேரன் றொக்சனுக்குத் தடிமனும் இருமலும். மருமகள் சர்மிளா வேலைக்குப் போய்விட்டாள், நான்தான் வைத்திருக்கிறேன்.

நான் உம்மை ஏமாற்றிவிட்டேன் என்று பிலோமினம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் அவ என்னைக் கேட்டா. "என்ன அக்னெஸ், சிநேகிதியைத் தனிய விட்டிட்டீராம்?" நான் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டேன்.

இனி எழுதுவதென்றால் ஒழுங்காக எழுதும். வெறும் நிலம் என்றால் எனக்கு என்ன விளங்கும்? என்ன நிறம், எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து விழுகிறது என்று எழுதும். சிவப்பிலும் எத்தனையோ சிவப்பு இருக்கிறது.

அக்னெஸ்


டோரி, யூட்டா
29 செப்டெம்பர்

அக்னெஸ்,

நிறம் கேட்டீர். கேளும்.

காலையில் ஹாங்ஸ்வில் என்ற சின்ன ஊரைத் தாண்டினேன். முதலில் சாம்பல். அடுப்பை விடியப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சாம்பல். புல்லும் இல்லாத குன்றுகள், யானைத்தோல்போல மடிப்பு மடிப்பாக. நிலவில் கார் ஓடுகிறேனோ என்று நினைத்தேன். பிறகு ஒரு வளைவில் சாம்பல் முடிந்து மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குப் பிறகு சிவப்பு. நீர் சொன்னது சரி, சிவப்பு ஒன்றல்ல. அடியில் பழைய செங்கல், அதற்குமேல் ஈரல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்குமேல் ஊரில் மிளகாயை இடித்துச் சுளகில் பரப்பினால் வரும் நிறம். உச்சியில் மட்டும் வெள்ளைப் பாறை, பால் பொங்கி உறைந்ததுபோல. உயரம் எங்களுடைய மூன்று மாடிக் கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இருபது தரம் வைத்தாலும் எட்டாது. வெளிச்சம் எனக்குப் பின்னால் இருந்து விழுந்தது. சுவர் முழுவதும் உள்ளே நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது.

அந்தச் சுவர்களுக்கு அடியில் ஒரு சின்ன ஆறு. ஆற்றங்கரையில் அப்பிள் தோட்டம். யாரோ ஒரு காலத்தில் குடியிருந்தவர்கள் வைத்த மரங்களாம். ஒரு பழத்தைப் பிடுங்கித் தின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். கழுத்து நொந்தது. அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதேயும், எனக்கே தெரியாது. துக்கம் இல்லை. இவ்வளவும் நான் பிறக்கமுன்னமே இங்கே நின்றிருக்கிறது, நான் போன பிறகும் நிற்கும் என்று நினைத்தேன். அது ஆறுதலாக இருந்தது.

"பாரும் அக்னெஸ்" என்று பக்கத்து ஆசனத்துக்குச் சொல்லிவிட்டேன். பிறகு உம்மில் உள்ள கோபம் ஞாபகம் வந்தது.

நாளை மறுநாள் பன்னிரண்டாம் இலக்கச் சாலை.

கிறேஸ்


லாசால்
30 செப்டெம்பர்

கிறேஸ்,

உமது கடிதத்தைப் போன் எனக்கு மூன்று தரம் வாசித்தது. ஈரல் நிறம் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

அந்த றோட்டில் முதுகெலும்புபோல ஒடுங்கின இடம் ஒன்று இருக்கிறதாம். இரண்டு பக்கமும் வேலி இல்லாத பள்ளம். மகன் டனிஸ்ரன் கம்பியூட்டரில் பார்த்துச் சொன்னான். மெதுவாக ஓடும். பக்கத்தில் பார்க்காதேயும். நான் செபமாலை சொல்கிறேன்.

இன்னும் எழுதும்.

அக்னெஸ்


எஸ்கலாண்டே, யூட்டா
1 ஒக்டோபர்

அக்னெஸ்,

அந்த றோட்டை ஓடிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் றோட்டு மலையில் ஏறியது. மேலே அஸ்பென் மரங்கள், இலை எல்லாம் தங்கம். மொன்றியலில் இலை நிறம் மாறுவதைப் பார்த்த எங்களுக்கு அது புதிது இல்லை. ஆனால் அந்த மரங்களின் இடைவெளியால் கீழே பார்த்தால் பாலைவனம் தெரிகிறது. ஒரே பார்வையில் இரண்டு உலகம்.

பிறகு இறங்கி நீர் சொன்ன முதுகெலும்புக்கு வந்தேன். போகவும் வரவும் ஒவ்வொரு ஓடுபாதை, அவ்வளவுதான். இடது கரையிலும் நிலம் இல்லை, வலது கரையிலும் நிலம் இல்லை. கார் காற்றில் போவதுபோல இருந்தது. கொஞ்சம் அகன்ற ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, கதவைத் திறக்கவும் பயந்து, ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியைத் தட்டி, உதவி வேண்டுமா என்று கேட்டாள். என் சிநேகிதி பாதி தூரம் ஓடுவதாகச் சொன்னவள், வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு நானே ஓடினேன். றோட்டின் நடுக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு. நான் இவ்வளவு தூரம் வந்து பார்த்தது அந்த மஞ்சள் கோட்டைத்தான். பள்ளங்களை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. நீர் ஓடியிருந்தால் நான் பார்த்திருப்பேன்.

மற்றதை எல்லாம் மன்னிப்பேன், அக்னெஸ். இதை மன்னிக்கமாட்டேன். உம்முடைய பேரப்பிள்ளைகள் பத்து நாள் நீர் இல்லாமல் இருந்திருக்கமாட்டார்களா? ஒரேயொரு தரம் உண்மையைச் சொல்லும். ஏன் வரவில்லை?

கிறேஸ்


லாசால்
3 ஒக்டோபர்

கிறேஸ்,

உண்மையைக் கேட்டீர். சொல்கிறேன்.

போன மாரியில் ஒருநாள் கதவு நிலை வளைந்து தெரிந்தது. வீடு பழசு, சரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு குளியலறைக் கல்லின் கோடுகளும் வளைந்தன. கண் டொக்டரிடம் போனேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தேய்கிறதாம். என்னுடைய வகைக்கு வைத்தியம் இல்லையாம். வசந்தத்தில் என் லைசென்சைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். ஆளுக்குப் பாதி ஓட என்னிடம் பாதி இல்லை, கிறேஸ்.

நான் எதைப் பார்க்கிறேனோ அது இல்லை. அதைச் சுற்றி இருப்பதுதான் இருக்கிறது. நடுவில் புகைபோல ஒரு கறை. ஒருவரை நேராகப் பார்த்தால் தலைமுடியும் தோளும் தெரியும், முகம் தெரியாது. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது முன்னால் போகிறவரின் சீலைக்கரையைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

ஜூனில் றொக்சனைக் கூட்டிவரக் கார்டெரிப் பள்ளிக்குப் போனேன். நீலத் தொப்பியைக் கண்டு, வாடா ராசா என்று கையைப் பிடித்துக் கேற் வரைக்கும் வந்துவிட்டேன். அது வேறு பிள்ளை. டீச்சர் சிரித்துக்கொண்டு பிள்ளையை வாங்கினாள், நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். என் பேரனின் முகம் எனக்குத் தெரியவில்லை.

டனிஸ்ரனுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. உமக்குச் சொல்லியிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர்? "அக்னெஸ், பேந்து பாப்பம்" என்று சொல்லிக் கார்த் திறப்பை மேசை லாச்சியில் போட்டிருப்பீர். இரண்டு பேரும் இருந்து அந்தக் கலண்டரைப் பற்றிக் கதைத்தே செத்திருப்போம். கோபம் வந்தால்தான் நீர் தனியாகப் போவீர் என்று எனக்குத் தெரியும். எங்கே தொட்டால் உமக்கு நோகும் என்றும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு இரவெல்லாம் நான் நித்திரை கொள்ளவில்லை.

பல்கனியில் நின்றது உமது கார் போகும் சத்தத்தைக் கேட்கத்தான். உமது கார்ச் சத்தம் எனக்குத் தெரியும். நீர் கை காட்டியது தெரியாது.

அக்னெஸ்


எஸ்கலாண்டே
3 ஒக்டோபர், பின்னேரம்

அக்னெஸ்,

கடைவாசலில் காரை நிறுத்திவிட்டு வாசித்தேன். சாமான் வாங்காமல் அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

உம்மைக் கட்டிப்பிடிக்கவா அடிக்கவா என்று தெரியவில்லை. பிலோமினம்மாவிடம் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். அவவிடம் நானே கதைக்கிறேன்.

இரண்டு விஷயம் சொல்கிறேன், கோபிக்காதேயும். முதலாவது, டனிஸ்ரனிடம் இன்றைக்கே சொல்லும். நீர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நியூமன் றோட்டைக் கடக்கிறீர். இது உம்முடைய மானத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

இரண்டாவது, வாரும். பிளேன் ஏறி சோல்ட் லேக் சிற்றிக்கு வாரும். நான் வந்து ஏற்றுகிறேன். எல்லா றோட்டையும் நானே ஓடுகிறேன். வந்து எதைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்பீர். எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவேன். நீர் வரும்வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு அசையமாட்டேன்.

கிறேஸ்


லாசால்
8 ஒக்டோபர்

கிறேஸ்,

சொல்லிவிட்டேன். டனிஸ்ரன் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றான். தண்ணீரை நிறுத்தினான். எவ்வளவு காலம் என்று கேட்டான், சொன்னேன். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தான்.

"அம்மா, என்ரை முகம் தெரியுதோ?"

"உன்ரை காது தெரியுது" என்றேன்.

அவன் சிரிக்கத்தான் தொடங்கினான். பிறகு என் மடியில் தலையை வைத்துவிட்டான். நாற்பது வயது ஆம்பிளை. சர்மிளா வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துபோனாள். பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் அவள்தான். உமது கடிதங்களை எல்லாம் அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். "மாமி, நீங்கள் போகத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை வருகிறேன். டோர்வால் எயாப்போட்டில் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்களாம், கால் நன்றாக இருக்கிற என்னை. அவ்வளவு காலம் பிளேனுக்குச் சாப்பாடு கட்டினேன், இப்போதுதான் அதை இருந்து சாப்பிடப் போகிறேன்.

ஒன்றும் தெரியாவிட்டால் உம்மீது குறை சொல்லமாட்டேன்.

அக்னெஸ்


சோல்ட் லேக் சிற்றி
16 ஒக்டோபர்

அக்னெஸ்,

நீர் இந்நேரம் வீட்டில் இருப்பீர். நான் நாளை விடியக் கிழக்கே திரும்புகிறேன். அதற்குமுன் இதை எழுதாவிட்டால் என்னால் கார் ஓட முடியாது.

என்னை மன்னியும். நான் மூன்று நாளும் ரேடியோமாதிரிக் கதைத்தேன். இடது பக்கம் வெள்ளைப் பாறை, வலது பக்கம் ரோசாப் பாறை, தூரத்தில் நீல மலை என்று தொண்டை வறளச் சொன்னேன். நீர் ஓம் என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த உயர்ந்த மேட்டில் இறங்கி உமது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் சொல்லவில்லை. முதுகெலும்பு றோட்டிலும் பேசாமல் இருந்தீர். எயாப்போட்டில் என் கையைப் பிடித்தீர், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்.

கண் தெரியாத ஒருவரைக் காட்சி பார்க்க வா என்று இழுத்து வந்தேன். என்ன மனுஷி நான். உமக்கு இல்லாததை உமக்கு முன்னால் பரப்பி வைத்துக் கொடுமைப்படுத்திவிட்டேன்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதும். எழுதாமல் மட்டும் இருக்காதேயும்.

கிறேஸ்


லாசால்
18 ஒக்டோபர்

கிறேஸ்,

நீர் இப்போது நெப்ராஸ்காவில் எங்கேயாவது சோளக்காட்டுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பீர். இரவு தங்கும் இடத்தில் இதை வாசியும்.

நான் கண்டேன், கிறேஸ்.

அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்தால் குழறி அழுதிருப்பேன், நீர் பயந்து காரைத் திருப்பியிருப்பீர். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். இப்போது சொல்ல முடிகிறது.

அந்த மேட்டில் நீர் என்னை நிறுத்தினீர். வழக்கம்போல முதலில் புகைதான் வந்தது. என் கண்ணுக்கு முன்னால் எதை வைத்தாலும் அந்தப் புகை அதை முழுதாக மூடிவிடும். முகத்தை மூடும், கோப்பையை மூடும், பேரன் கீறித் தந்த படத்தை மூடும். அங்கேயும் ஒரு பாறையை மூடியது. ஆனால் அந்தப் பாறைக்கு இடது பக்கத்தில் பாறை இருந்தது. வலது பக்கத்தில் இருந்தது. மேலே, கீழே, எனக்குப் பின்னால்கூட இருந்தது. நான் தலையைத் திருப்பினேன். புகை நகர்ந்தது, மூடியிருந்தது வெளியே வந்தது, நிலம் முடியவில்லை. இன்னும் திருப்பினேன், முடியவில்லை. ஆண்டவர் செய்ததில் என் கறை மூட முடியாத அளவு பெரியது ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் நான் நிற்கிறேன் என்று விளங்கியது. நீர் அப்போது ரோசா நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னீர். நான் கேட்கவில்லை, மன்னியும். என் மனதுக்குள் செபம் தானாக வந்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

முதுகெலும்பு றோட்டில் நீர் முன்னால் மட்டும் பார்த்து ஓடினீர். ஸ்ரியரிங்கை நெரித்துப் பிடித்திருந்தீர், மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு றோட்டுத் தெரியவில்லை. றோட்டு என் புகைக்குள் போய்விட்டது. இரண்டு கரையும்தான் தெரிந்தது. அதனால் எனக்குப் பயமே வரவில்லை. காரும் இல்லாமல், றோட்டும் இல்லாமல், என்னை யாரோ அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது.

முதல்தரம் ஓடியபோது மஞ்சள் கோட்டைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதினீர். இரண்டாந்தரமும் நீர் பார்க்கவில்லை. ஆகையால் நான் சொல்கிறேன், கேளும்.

உம்முடைய பக்கம் வெள்ளைப் பாறை அலை அலையாக இறங்கிப் போகிறது. கடல் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் நில் என்று சொல்ல, அப்படியே நின்றுவிட்டதுபோல. அலைகளுக்கு நடுவில் ஆழத்தில் ஒரு பச்சைக் கோடு, அங்கே தண்ணீர் இருக்கவேண்டும். என் பக்கம் பாறை இன்னும் செங்குத்து. அதன் அடியில் மரங்கள் மஞ்சளாக, விளக்கு வரிசைபோல நிற்கின்றன. ஒரு மேகத்தின் நிழல் என் பக்கத்துப் பள்ளத்தில் இருந்து ஏறி வந்தது. லாசால் முழுவதையும் மூடக்கூடிய நிழல். அது றோட்டைத் தாண்டி, எங்கள் காரையும் தாண்டி, உம்முடைய பக்கம் இறங்கியது. கார் ஒரு கணம் குளிர்ந்தது, உமக்கு அது தெரிந்திருக்கும். பிறகு நிழல் வெள்ளை அலைகளின்மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போகும் மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்னெஸ்